பழைய ஆங்கில வினைகளுக்கு எந்த முன்னிடைச்சொல்லைப் போடுவது?

ஆதியாகமத்தில் ஆபிரகாம் பலிக்காக விறகு பிளக்கிறார். ரூத்தின் கதையில் ரூத் தன் மாமியாரை விட்டுப் போக மாட்டேன் என்று அவரோடு ஒட்டிக்கொள்கிறாள். 1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில் இரண்டு இடத்திலும் வினைச்சொல் ஒன்றுதான்: ‘கிளேவ்’. ஆனாலும் படிப்பவருக்குக் குழப்பம் வருவதில்லை. ஆபிரகாம் ‘கிளேவ் தி வுட்’, ரூத் ‘கிளேவ் அன்டு ஹர்’. நடுவில் வரும் அந்த ‘அன்டு’ என்ற முன்னிடைச்சொல் (பெயருக்கு முன் வரும் ‘டு’, ‘ஆஃப்’ போன்ற ப்ரெபொசிஷன்) ஒட்டுவது எது, பிளப்பது எது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறது.

இதற்குக் காரணம் உண்டு. ஆதியில் இவை இரண்டு தனித்தனி வினைகள். ‘கிளியோஃபன்’ என்றால் பிளப்பது, ‘கிளிஃபியன்’ என்றால் ஒட்டுவது. காலப்போக்கில் ஒலி தேய்ந்து இரண்டும் ‘கிளீவ்’ என்ற ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்தன, ‘கிளேவ்’ அதன் இறந்தகாலம். உருவம் கைவிட்ட வேறுபாட்டை முன்னிடைச்சொல் காப்பாற்றியது. அதனால்தான் பழைய வினைகளில் இந்தச் சின்னச் சொற்களை அலட்சியமாக விடக் கூடாது என்று என் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இந்தக் கட்டுரை, ஷேக்ஸ்பியர் காலத்து நாடகம் எழுதிப் பார்ப்பவர்களுக்கும், பழந்தமிழ்ப் பாட்டைப் பழைய சாயல் ஆங்கிலத்தில் பெயர்க்க நினைப்பவர்களுக்கும், ராஜா ராணிக் கதை வரும் வீடியோ கேமுக்கு வசனம் எழுதுபவர்களுக்கும். இவர்கள் பெரும்பாலும் வினைகளைச் சரியாகப் பிடித்துவிடுகிறார்கள். சறுக்குவது அடுத்த சொல்லில்தான். இன்றைய ஆங்கிலத்தின் முன்னிடைச்சொல்லை அப்படியே போட்டுவிடுவார்கள், இல்லையென்றால் எல்லா இடத்திலும் ‘அன்டு’ தூவுவார்கள்.

முதலில் காலத்தை முடிவு செய்யுங்கள்

‘பழைய ஆங்கிலம்’ என்று நாம் பொதுவாகச் சொல்வது பெரும்பாலும் 1500 முதல் 1700 வரையிலான ஆங்கிலம். அதற்கு முந்தைய ஆங்கிலம் வேற்றுமை உருபுகள் நிறைந்த வேறு உலகம், புதிதாக வருபவர் அங்கே போக வேண்டியதில்லை. இந்த இருநூறு ஆண்டுக்குள்ளும் ஒரே நடை கிடையாது. கிங் ஜேம்ஸ் பைபிள் வெளியானபோதே அதன் நடை கொஞ்சம் பழசு. 1526-இல் வில்லியம் டின்டேல் ஆங்கிலத்தில் பெயர்த்து அச்சிட்ட புதிய ஏற்பாட்டின் சொற்களை அது பெருமளவு அப்படியே வைத்துக்கொண்டது. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் 1623-இல் முதல் பெருந்தொகுப்பாக வந்தன. பன்னிரண்டு ஆண்டு இடைவெளிதான், ஆனால் அவற்றில் மேடைப் பேச்சு கேட்கிறது, பைபிளில் ஆலயத்துப் பேச்சு கேட்கிறது.

ஆகவே ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: என் பாத்திரம் பைபிள் நடையில் பேசுகிறதா, மேடை நடையில் பேசுகிறதா? பின்னால் வரும் பல சந்தேகங்களுக்கு இந்த ஒரு வரி விடை சொல்லும்.

வினையின் எந்தப் பொருள்?

முன்னிடைச்சொல் வினையோடு ஒட்டியது என்று நினைக்கிறோம். உண்மையில் அது வினையின் ஒரு குறிப்பிட்ட பொருளோடுதான் ஒட்டியிருக்கிறது. ‘பிஸ்டோ’ என்ற வினையை எடுத்துக்கொள்வோம். இன்று அதற்கு ‘அருளுதல், வழங்குதல்’ என்ற பொருள் மட்டும்தான் தெரியும். அந்தப் பொருளில் ‘ஆன்’ அல்லது ‘அப்பான்’ வரும். பழைய ஆங்கிலத்தில் ‘பத்திரமாக எடுத்து வைத்தல்’ என்ற பொருளும் இருந்தது. பைபிளில் எலிசா தீர்க்கதரிசியின் வேலைக்காரன் கேயாசி, நாகமானிடம் ஏமாற்றி வாங்கிய பொருட்களை ‘பிஸ்டோட் தெம் இன் தி ஹவுஸ்’ என்று வருகிறது. வீட்டுக்கு எதையும் அருளவில்லை, வீட்டுக்குள் ஒளித்து வைத்தான். ‘இன்’ என்பதை ‘அப்பான்’ என்று மாற்றினால் கதையே கெட்டுப்போகும்.

‘வெயிட்’ இன்னொன்று. இன்று ‘ஃபார்’ சேர்த்தால் காத்திருத்தல், ‘ஆன்’ சேர்த்தால் உணவகத்தில் பரிமாறுதல். ஏசாயாவில் ‘வெயிட் அப்பான் தி லார்ட்’ என்பது நம்பிக்கையோடு காத்திருப்பது. தமிழ் பைபிளில் அதே இடம் ‘கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ’ என்று நான்காம் வேற்றுமையில் வருகிறது. ‘கு’ என்றதும் கை தானாக ‘ஃபார்’ அல்லது ‘டு’ பக்கம் போகும். அங்கேதான் நிதானிக்க வேண்டும்.

‘டாரி’ என்றால் தங்குதல், தாமதித்தல். ‘வித்’ சேர்ந்தால் ஒருவரோடு தங்குவது, ‘ஃபார்’ சேர்ந்தால் ஒருவருக்காகக் காத்திருப்பது. இது இன்றைய வழக்குக்கு நெருக்கமானதால் தொல்லை தராது.

முன்னிடைச்சொல்லே வேண்டாத வினைகள்

அடுத்த கேள்வி: இந்த இடத்தில் முன்னிடைச்சொல் வேண்டுமா? பல சமயம் வேண்டாம். ‘வாக்ஸ்’ என்றால் ஆகுதல், வளர்தல். அதன் பின் பண்புச்சொல் நேராக வந்து உட்காரும்: ‘வாக்ஸ்டு ஓல்ட்’ என்றால் முதுமையடைந்தான், ‘வாக்ஸ்டு ராத்’ என்றால் கடுங்கோபம் கொண்டான். ‘டீம்’ என்றால் கருதுதல், அதற்குப் பின் ‘ஆஸ்’ போடுவது பலர் செய்யும் பிழை. ‘டீம்டு வர்தி’ போதும்.

‘பிவேர்’ இரண்டு விதமாகவும் வரும். ‘பிவேர் ஆஃப் ஃபால்ஸ் ப்ராஃபெட்ஸ்’ என்பது பைபிள். ‘பிவேர் தி ஐட்ஸ் ஆஃப் மார்ச்’ என்பது ஜூலியஸ் சீசரை எச்சரிக்கும் குறிகாரனின் குரல். இரண்டும் சரி. நாடகத்தில் முன்னிடைச்சொல் இல்லாத வடிவத்துக்கு ஒரு வெட்டு இருக்கிறது, வசனத்துக்கு அதுவே எனக்குப் பிடித்தம்.

இனி வருவது எனக்கு மிகவும் பிரியமான இடம். ‘மீதிங்ஸ்’ என்ற சொல்லை ‘நான் நினைக்கிறேன்’ என்று மொழிபெயர்த்துவிட்டு, ‘மீ’ ஏன் முன்னால் நிற்கிறது, ‘திங்க்’ ஏன் எஸ் விகுதி பெற்றது என்று ஆங்கில மாணவர்களே திகைப்பார்கள். நமக்கு அந்தத் திகைப்பு வேண்டாம். அது ‘எனக்குத் தோன்றுகிறது’. அட்சரம் பிசகாமல் அதே கட்டமைப்பு! 1500-க்கு வெகு முந்தைய ஆங்கிலத்தில் ‘தோன்றுதல்’ என்பதற்கும் ‘நினைத்தல்’ என்பதற்கும் தனித்தனி வினைகள் இருந்தன. இங்கே உள்ளது தோன்றுதல். ‘மீ’ என்பதற்குள்ளேயே ‘எனக்கு’ இருக்கிறது. அதனால் ‘டு மீ’ என்று போட்டால் ‘எனக்குக்கு’ என்று சொன்னது போல ஆகும்.

பசிக்கிறது, பிடிக்கிறது, வலிக்கிறது, தெரியும் என்று எழுவாய் இல்லாமல் ‘எனக்கு’ என்று தொடங்கிப் பேசியே வளர்ந்தவர்கள் நாம். ‘இஃப் இட் லைக் யூ’ என்றால் ‘உங்களுக்குப் பிடித்தால்’. இன்றைய ஆங்கிலத்தில் ‘லைக்’ தலைகீழாகிவிட்டது, பழைய ஆங்கிலத்தில் அது நம் ‘பிடிக்கும்’ போலவே நடந்தது. ‘பிஹூவ்’ என்றால் தகும், வேண்டும். லூக்காவின் கடைசி அதிகாரத்தில் ‘இட் பிஹூவ்டு கிரைஸ்ட் டு சஃபர்’ என்று வருகிறது. தமிழில் ‘கிறிஸ்துவுக்கு’ என்று நினைப்போம், ஆனால் ஆங்கிலத்தில் ‘கிரைஸ்ட்’ வெறுமனே நிற்கிறது. அங்கே உள்ள ‘டு’ பாடுபடுதல் என்ற வினைக்கு உரியது, கிறிஸ்துவுக்கு உரியது அல்ல.

தன்னையே கொண்டுபோகும் வினைகள்

சில வினைகள் செய்பவரையே மறுபடி செயப்படுபொருளாகக் கேட்கும். ‘பிடேக்’ என்றால் போதல், சரணடைதல். ‘ஹி பிடுக் ஹிம் டு த ஹில்ஸ்’, அதாவது அவன் தன்னை மலைகளுக்குக் கொண்டுபோனான். ‘பிதிங்க்’ என்றால் நினைவுக்குக் கொண்டுவருதல்: ‘ஐ பிதாட் மீ ஆஃப்’ என்று தொடங்கி, நினைத்த பொருளைச் சொல்ல வேண்டும். ‘ஹை’ என்றால் விரைதல்: ‘ஹை தீ டு’ என்று இடப்பெயர் வரும்.

வரிசை முக்கியம். வினை, அப்புறம் ‘மீ’, ‘தீ’, ‘ஹிம்’, அதன் பிறகுதான் முன்னிடைச்சொல். ‘மைசெல்ஃப்’, ‘ஹிம்செல்ஃப்’ என்ற நீண்ட வடிவங்களும் வழங்கின. ஆனால் குறுகிய வடிவத்துக்குத்தான் பழைய மணம் அதிகம். முன்னிடைச்சொல்லைப் பொருளை வைத்துப் பிடிக்கலாம்: உடல் போனால் ‘டு’, மனம் போனால் ‘ஆஃப்’.

ஒரு விலக்கு. மாக்பெத்தின் மனைவி கணவனை நினைத்து ‘ஹை தீ ஹிதர்’ என்கிறாள். இங்கே ‘டு’ இல்லை. ‘ஹிதர்’ என்பதற்கே ‘இங்கு நோக்கி’ என்று பொருள். ‘திதர்’ அங்கு நோக்கி, ‘விதர்’ எங்கு நோக்கி, ‘ஹென்ஸ்’ இங்கிருந்து, ‘தென்ஸ்’ அங்கிருந்து, ‘வென்ஸ்’ எங்கிருந்து. இவை முன்னிடைச்சொல்லை வயிற்றுக்குள் வைத்திருப்பவை. ‘டு ஹிதர்’ என்று எழுதவே கூடாது. ‘ஃப்ரம் வென்ஸ்’ மட்டும் கொஞ்சம் சிக்கல். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியில் அதைத் தவறான பேச்சு என்று கண்டித்தார். ஆனால் சங்கீதம் 121-இன் முதல் வசனத்தில் கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பாளர்கள் அதைத் தயங்காமல் எழுதியிருக்கிறார்கள். பைபிள் நடையில் எழுதுகிறீர்கள் என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

‘ஆஃப்’ என்னும் கடல்

ஒரே ஒரு முன்னிடைச்சொல்லை மட்டும் கற்க நேரம் இருக்கிறது என்றால் ‘ஆஃப்’ கற்றுக்கொள்ளுங்கள். இன்று அது பெரும்பாலும் நம் ஆறாம் வேற்றுமை மாதிரி ‘உடைய’ என்ற வேலையைச் செய்கிறது. அன்று அதன் ஆட்சிப் பரப்பு மிகப் பெரியது.

மத்தேயு நான்காம் அதிகாரத் தொடக்கத்தில் இயேசு ‘லெட் அப் ஆஃப் தி ஸ்பிரிட்’, ‘டு பி டெம்ப்டட் ஆஃப் தி டெவில்’. இதை ‘பிசாசின் சோதனை’ என்று ஆறாம் வேற்றுமையாகப் படித்தால் தடுமாறுவீர்கள். தமிழ் பைபிளைத் திறந்தால் ‘பிசாசினால் சோதிக்கப்படுவதற்கு ஆவியானவராலே’ என்று மூன்றாம் வேற்றுமை பளிச்சென்று நிற்கிறது. செயப்பாட்டு வினையில் செய்தவரைக் காட்ட இன்று ‘பை’ போடும் இடத்தில் அன்று ‘ஆஃப்’ வந்தது. உங்கள் நாடகத்தில் ஒருவன் எதிரியால் தாக்கப்பட்டால், ‘ஸ்மிட்டன் ஆஃப் ஹிஸ் ஃபோஸ்’ என்று எழுதலாம். ஆயுதத்துக்கு மட்டும் ‘வித்’ போடுங்கள்: ‘ஸ்மிட்டன் வித் தி சோர்ட்’. தமிழில் எதிரியால், வாளால் என்று இரண்டுக்கும் ‘ஆல்’தான் வருகிறது. அதனால் இந்த இடத்தில் செய்தவர் யார், கருவி எது என்று ஒரு நொடி நின்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மத்தேயு முதல் அதிகாரத்தின் வம்ச அட்டவணையில் யூதா பிள்ளைகளைப் பெற்றது ‘ஆஃப் தாமார்’. தமிழில் ‘தாமாரினிடத்தில்’. ‘பிகெட்’ என்ற வினைக்குத் தகப்பன் எழுவாய், பிள்ளை செயப்படுபொருள், தாய்க்கு முன் ‘ஆஃப்’. லூக்கா 18-இல் விதவை நீதிபதியிடம் கேட்பது ‘அவெஞ்ச் மீ ஆஃப் மைன் அட்வர்சரி’. எதிராளியிடமிருந்து எனக்கு நியாயம் வாங்கித் தாரும் என்று பொருள். ஏதேன் தோட்டத்தில் உண்பதும் ‘ஆஃப்’ சேர்ந்துதான் வரும்: மரத்தை முழுசாகத் தின்பதில்லை, அதிலிருந்து கொஞ்சம் உண்பது. ‘டேஸ்ட்’, ‘பார்டேக்’, ‘ட்ரிங்க்’ போன்ற உண்ணல் பருகல் வினைகள் எல்லாம் இந்த வழியில் போகும்.

உடைய, ஆல், இடத்தில், இலிருந்து, பற்றி என்று ஒரே சொல் இத்தனை உருபுகளின் வேலையைச் செய்திருக்கிறது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் ‘வேற்றுமை மயங்கியல்’ என்று ஓர் இயலே வைத்திருக்கிறார். ஓர் உருபு இன்னொன்றின் இடத்தில் போய் நிற்பது நமக்குப் புதிதல்ல.

ஷேக்ஸ்பியரை எடுத்தால் இன்னொரு மயக்கம்: ‘ஆஃப்’ வர வேண்டிய இடத்தில் ‘ஆன்’ வரும். டெம்பெஸ்ட் நாடகத்தில் கனவுகள் ‘மேட் ஆன்’ என்றுதான் இருக்கிறது, பலர் அதை ‘மேட் ஆஃப்’ என்று மாற்றி மேற்கோள் காட்டுகிறார்கள். படிக்கும்போது தெரிந்திருந்தால் போதும். எழுதும்போது புதியவர்கள் இதைத் தொட வேண்டாம் என்பேன், அச்சுப்பிழை என்றே வாசகர் நினைப்பார்.

‘அன்டு’ எங்கே, எங்கே கூடாது

‘அன்டு’ என்பது ‘அன்டில்’ என்ற சொல்லைப் பார்த்து அமைந்தது. வட இங்கிலாந்து வழக்கான ‘டில்’ இருந்த இடத்தில் ‘டு’ வந்தது, அவ்வளவுதான். ‘டு’ இரண்டு வேலை செய்யும் சொல். பெயருக்கு முன் வந்தால் முன்னிடைச்சொல், வினைக்கு முன் வந்தால் ‘செய்ய’, ‘போக’ என்ற எச்சத்தின் அடையாளம். ‘அன்டு’ முதல் வேலையை மட்டுமே செய்யும். ‘அன்டு கோ’, ‘அன்டு ஃபைட்’ என்று எழுதுவது தவறு, வீடியோ கேம் வசனங்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். நினைவில் வைக்க ஒரு வரி போதும்: ‘சஃபர் தி லிட்டில் சில்ட்ரன் டு கம் அன்டு மீ’. வருவதற்கு முன் ‘டு’, என்னிடம் என்பதற்கு ‘அன்டு’. போனஸாக, ‘சஃபர்’ என்பதற்கு இங்கே ‘அனுமதித்தல்’ என்று பொருள், அதற்கு முன்னிடைச்சொல் தேவையில்லை.

கிங் ஜேம்ஸ் பைபிளில் ‘அன்டு’ பல ஆயிரம் தடவை வருகிறது. ஷேக்ஸ்பியரின் பாத்திரங்கள் பெரும்பாலும் ‘டு’ என்றே பேசிவிட்டுப் போகிறார்கள். முதலில் காகிதத்தில் எழுதிய வரியை இப்போது எடுத்துப் பாருங்கள். லண்டன் மதுக்கடையில் நடக்கும் பேச்சு என்றால் ‘அன்டு’வைக் குறையுங்கள்.

எழுதியதைச் சரிபார்ப்பது

ஜான்சன் தன் அகராதியின் முன்னுரையில், வினையோடு ஒரு சிறுசொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் வழக்கம் வெளிநாட்டவருக்கு மிகப் பெரிய சிரமம் தருவது என்று எழுதி, அதற்காகவே அத்தகைய சேர்க்கைகளைக் கவனமாகத் தொகுத்ததாகச் சொல்கிறார். எனவே அகராதி பார்க்கும்போது பொருளைப் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். கீழே உள்ள மேற்கோள்களில்தான் முன்னிடைச்சொல் இருக்கிறது. ஜான்சனின் அகராதியும் வெப்ஸ்டரின் 1828 அகராதியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இன்னும் ஆழமானது, அதற்குச் சந்தா வேண்டும். பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

அதன் பிறகு மூலத்தில் தேடுங்கள். 1700-க்கு முன் அச்சான சுமார் 25,000 ஆங்கில நூல்களின் தட்டச்சுப் பிரதிகள் 2015-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. ‘ஈபோ டிசிபி’ (EEBO TCP) என்று தேடினால் வரும். இங்கே ஒரு நுட்பம் தெரியாவிட்டால் வெறுங்கையோடு திரும்புவீர்கள். அந்தக் கால அச்சில் சொல்லின் முதலில் ‘யு’ எழுத்து வந்தால் ‘வி’ எழுத்தைப் போடுவார்கள். ஆகவே ‘அன்டு’, ‘அப்பான்’ இரண்டையும் ‘வி’யில் தொடங்கியும் தேட வேண்டும். இன்னொன்று, 1800 வாக்கில் வழக்கொழிந்த நீண்ட எஸ் எழுத்து பார்க்க எஃப் மாதிரியே இருக்கும். கூகுளின் ஸ்கேன் நூல்களில் அதை இயந்திரம் எஃப் என்றே படித்துவிடுவது உண்டு. ‘ஸ்மைட்’ கிடைக்காவிட்டால் முதல் எழுத்தை எஃப் ஆக்கித் தேடுங்கள்.

ஒரே சேர்க்கை மூன்று வெவ்வேறு ஆசிரியர்களிடம் கிடைத்தால் துணிந்து எழுதலாம் என்பது என் வழக்கம். ஒரே ஒரு கவிதையில் மட்டும் கிடைத்தால், சீருக்காக வளைத்திருக்கலாம் என்று சந்தேகப்படுவேன்.

கிங் ஜேம்ஸையும் தமிழ் பைபிளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் படிப்பதுதான் நான் அறிந்தவரை மிகச் சிறந்த பயிற்சி, மதம் எதுவானாலும். ஆனால் உருபுக்கு உருபு பொருத்தம் தேடக் கூடாது. ஆதியாகமம் இரண்டில் கணவன் ‘கிளீவ் அன்டு ஹிஸ் வைஃப்’, தமிழில் ‘தன் மனைவியோடே இசைந்திருப்பான்’. நமக்கு ‘ஓடு’, அவர்களுக்கு ‘அன்டு’. நாம் உறவைப் பார்க்கிறோம், அவர்கள் ஒட்டும் திசையைப் பார்க்கிறார்கள்.

ஒரு வாக்கியத்தைச் சேர்ந்து செய்வோம்

‘அரசன் அமைச்சன் சொல்லைக் கேட்கவில்லை. தன் கோட்டைக்குப் போய்விட்டான். பிறகு செய்ததை எண்ணி வருந்தினான்.’ பைபிள் நடையில் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

கேட்டல் என்பதற்கு ‘ஹார்க்கன்’. தமிழில் ‘சொல்லை’ என்று இரண்டாம் வேற்றுமை, ஆகவே முன்னிடைச்சொல் இல்லாமல் எழுதத் தோன்றும். ஆதியாகமம் மூன்றில் ஆதாம் மனைவியின் குரலுக்குச் செவிகொடுத்தது ‘ஹார்க்கன்டு அன்டு தி வாய்ஸ்’. ‘செவிகொடுத்தல்’ என்று தமிழிலேயே மாற்றி நினைத்தால் ‘சொல்லுக்கு’ என்று நான்காம் வேற்றுமை வந்துவிடுகிறது, ‘அன்டு’ தானாகப் பொருந்துகிறது. ஆக, ‘தி கிங் ஹார்க்கன்டு நாட் அன்டு தி கவுன்சல் ஆஃப் ஹிஸ் மினிஸ்டர்’. இன்று பலர் எழுதும் ‘ஹார்க்கன் பேக் டு’ வேறு சமாச்சாரம். அது வேட்டை நாய்கள் தடம் தவறி வந்த வழியே திரும்புவதைக் குறித்த ‘ஹார்க் பேக்’ என்பதிலிருந்து வந்த கலப்பு, இங்கே வேண்டாம்.

கோட்டைக்குப் போதல்: ‘பட் பிடுக் ஹிம் டு ஹிஸ் காஸில்’. உடல் போகிறது, ‘டு’.

வருந்தினான் என்பதற்கு ‘ரிபென்ட்’. இரண்டு வழி இருக்கிறது. தன்னைக் கொண்டுபோகும் வினையாக வைத்தால் ‘ரிபென்டட் ஹிம் ஆஃப் தட் டீட்’. யோவேல் இரண்டாம் அதிகாரத்தில் கடவுளைப் பற்றி இதே வடிவம் வருகிறது. ‘மீதிங்ஸ்’ மாதிரி எழுவாய் இல்லாமல் வைத்தால் ‘இட் ரிபென்டட் ஹிம் தட் ஹி ஹாட் டன் திஸ்’. ஆதியாகமம் ஆறில் கடவுள் மனிதனைப் படைத்ததற்காக மனம் நொந்தபோது இந்த வடிவம்தான் வருகிறது, அங்கே முன்னிடைச்சொல்லே கிடையாது. முதல் வடிவத்தில் அரசன் தன் குற்றத்தைத் தானே எடுத்துப் பார்க்கிறான். இரண்டாவதில் வருத்தம் அவன்மேல் வந்து விழுகிறது. என் அரசன் பிடிவாதக்காரன் என்பதால் நான் இரண்டாவதை எடுப்பேன். உங்கள் அரசனை உங்களுக்குத்தான் தெரியும்.